ஹெப்பாரின், இனாக்சபாரின்: ஊசி போடும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் வயல் (மருந்துக் குப்பி) ஒன்றில் மொத்தம் எத்தனை யூனிட் இருக்கிறது என்று கேட்டால், லேபிளில் பெரிதாகத் தெரியும் எண்ணைத்தான் பலர் சொல்வார்கள். பாதிப் பிழை அங்கேயே பிறந்துவிடுகிறது. 5 மி.லி. வயலில் ‘1 மி.லி.க்கு 5,000 யூனிட்’ என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது 25,000 யூனிட். அதே உயரம், அதே பருமன் கொண்ட இன்னொரு வயலில் 1 மி.லி.க்கு 1,000 யூனிட், மொத்தம் 5,000. இரண்டும் ஒரே தட்டில் அக்கம்பக்கமாக நின்றால், இரவு மூன்று மணிக்கு நீளும் கை எதை எடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இதுதான் நடந்தது. குறைமாதக் குழந்தைகளின் ஊசிக்குழாய் அடைத்துக்கொள்ளாமல் கழுவ, மி.லி.க்கு 10 யூனிட் உள்ள வயல் வந்திருக்க வேண்டும். வந்தது 10,000 யூனிட் வயல். இரண்டிலும் நீலச் சாயல் லேபிள். ஆறு குழந்தைகளுக்கு ஆயிரம் மடங்கு மருந்து போனது, மூன்று குழந்தைகள் இறந்தன. 2013 முதல் அந்நாட்டில் ஹெப்பாரின் லேபிளில் வயலின் மொத்த யூனிட்டை முன்னால் அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. லேபிள் எப்படி இருந்தாலும் செய்ய வேண்டியவை இவை: அதிக செறிவு வயல்களை வார்டு அலமாரியில் வைக்காமல் மருந்தகத்திலேயே வைப்பது, குழாய் கழுவுவதற்கான ஹெப்பாரினைத் தனி இடத்தில், முடிந்தால் முன்னிரப்பிய சிரிஞ்சாக வைப்பது, கைநரம்பில் போட்டிருக்கும் சாதாரணக் கேனுலாவைக் கழுவ ஹெப்பாரினைத் தொடாமலே இருப்பது. அதற்கு நார்மல் சலைன் போதும்.

எழுதும்போது ‘யூனிட்’ என்ற சொல்லை முழுதாக எழுதுங்கள். ‘U’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் எண்ணின் வாலில் ஒட்டினால், அவசரக் கையெழுத்தில் அது சுழியமாகிவிடும், 5,000 என்பது 50,000 ஆகும். ஆயிரங்களுக்குக் காற்புள்ளி போடுங்கள். இந்த மருந்துகளால் வரும் கேடு பெரும்பாலும் மருந்தியல் புரியாததால் வருவதில்லை. எடை, சிறுநீரகம், கடிகாரம் ஆகிய மூன்றில் ஒன்று கணக்கில் விடுபட்டதால் வருகிறது. கீழே உள்ள அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கமாகப் பயன்படுபவை. உங்கள் மருத்துவமனையின் எழுத்து வடிவ நெறிமுறை வேறாக இருந்தால் அதுவே செல்லும்.

இரண்டு மருந்து, இரண்டு குணம்

ஹெப்பாரின் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளின் கலவை. அது தானாக எதையும் தடுப்பதில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் வேகத்தைப் பன்மடங்கு கூட்டுகிறது. ஆன்டித்ராம்பின் போய், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான த்ராம்பினையும் பத்தாம் காரணியையும் முடக்குகிறது. இனாக்சபாரின் அதே சங்கிலியை வெட்டிச் சிறிதாக்கியது. ஹெப்பாரினின் சராசரி மூலக்கூறு எடை 15,000 டால்டன் என்றால் இதற்குச் சுமார் 4,500. த்ராம்பினை முடக்க நீண்ட சங்கிலி வேண்டும் என்பதால், இனாக்சபாரினின் வேலை பெரும்பாலும் பத்தாம் காரணியோடு நின்றுவிடுகிறது.

இதனால் கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. இனாக்சபாரின் போட்டவருக்கு ஏ.பி.டி.டி (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் பரிசோதனை) அவ்வளவாக ஏறாது. ‘ஏ.பி.டி.டி இயல்பாகத்தான் இருக்கிறது, மருந்து உடம்பில் இல்லை போலும்’ என்று நினைத்து முதுகில் ஊசி குத்துவதோ, இன்னொரு டோஸ் போடுவதோ பெரும் தவறு. இரண்டு மருந்தும் உருவான ரத்தக் கட்டியைக் கரைப்பதில்லை என்பதையும் நோயாளியின் வீட்டாரிடம் சொல்லிவிடலாம். கட்டி வளராமல் நிறுத்துகின்றன, கரைக்கும் வேலையை உடம்பே செய்துகொள்கிறது.

வழக்கமான அளவில் நரம்பு (சிரை) வழி ஹெப்பாரினின் அரை ஆயுள் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். நிறுத்தினால் சில மணி நேரத்தில் விளைவு போய்விடும், சிறுநீரகத்தை அது அதிகம் நம்பியிருப்பதில்லை. இனாக்சபாரினின் அரை ஆயுள் முதல் டோசுக்குப் பின் நாலரை மணி நேரம், தொடர்ந்து போட்ட பின் ஏழு மணி நேரம் வரை. வெளியேறும் வழி சிறுநீரகம். ஆகவே சிறுநீரகம் செயலிழந்தவர், இன்னும் சில மணி நேரத்தில் அறுவை அறைக்குப் போகக்கூடியவர், எந்த நேரமும் ரத்தம் கசியலாம் என்ற பயமுள்ளவர் ஆகியோருக்கு ஹெப்பாரின் டிரிப். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இனாக்சபாரின்தான் எளிது.

டோசுக்கு முன்

எடையைக் கேட்டு எழுதாதீர்கள், நிறுத்து எழுதுங்கள். எழுந்து நிற்க முடியாதவருக்குப் படுக்கைத் தராசு. நோயாளி சொல்லும் எடை பெரும்பாலும் நோய் வருவதற்கு முந்தைய எடையாக இருக்கும். நோய்த்தாளில் எழுதியது கிலோவா பவுண்டா என்றும் பாருங்கள். பவுண்டைக் கிலோ என்று படித்தால் டோஸ் இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

அடுத்தது சிறுநீரகம். கிரியேட்டினினை (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) வெறும் எண்ணாகப் பார்த்தால் ஏமாறுவோம். 78 வயது, 48 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு கிரியேட்டினின் 1.4 என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு ‘கொஞ்சம் கூடுதல்’ அவ்வளவுதான். கிரியேட்டினின் கிளியரன்ஸை, அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. சுத்திகரிக்கிறது என்பதை, காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போடுங்கள்: 140-இல் வயதைக் கழித்தால் 62, அதை எடையால் பெருக்கினால் 2,976, அதை 72 × 1.4, அதாவது 100.8-ஆல் வகுத்தால் 29.5; பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 25 மி.லி. முப்பதுக்குக் கீழே. முழு டோஸ் இனாக்சபாரினை 12 மணிக்கொரு முறை போட்டுக்கொண்டே போனால் மூன்றாம் நாள் இவருக்கு வயிற்றுச் சுவரில் ரத்தம் கட்டலாம். ரத்தம் மெலிக்கும் ஊசியால் அடிபடும் நோயாளிகளில் இப்படி ஒல்லியான, வயதான, ‘கிரியேட்டினின் பரவாயில்லை’ என்று விடப்பட்டவர்களே அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

மூன்றாவது, உடம்பில் ஏற்கெனவே என்ன ஓடுகிறது என்பது. ரத்தம் மெலிக்கும் மாத்திரைகளான அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான், வார்ஃபரின் ஆகியவற்றில் ஏதாவது சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது? ஆஞ்சியோ அறையிலோ அவசரப் பிரிவிலோ ஒரு டோஸ் போட்டாகிவிட்டதா? இரட்டை மருந்து என்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. மாத்திரைச் சீட்டில் ஒன்றும் ஊசிச் சீட்டில் இன்னொன்றுமாக இருக்கும், இரண்டையும் ஒருவர் சேர்த்துப் பார்ப்பதில்லை. தடுப்பு டோஸ் எழுதியிருக்கும் சீட்டில் சிகிச்சை டோஸ் சேரும்போது பழையதை அடிக்க மறப்பதும் இதே இனம்தான்.

அடிப்படைப் பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கை, கிரியேட்டினின், பொட்டாசியம், உறைதல் நேரத்துக்கான பி.டி, ஏ.பி.டி.டி. தற்போது பெரிய ரத்தப்போக்கு, அண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு, ஹெப்பாரினால் பிளேட்லெட் குறைந்த வரலாறு, மிகக் குறைந்த பிளேட்லெட், ஹெப்பாரினுக்கோ பன்றிப் பொருளுக்கோ ஒவ்வாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அளவுகள்

இனாக்சபாரின், தோலுக்கடியில்:
- கட்டி வராமல் தடுக்க: 40 மி.கி., நாளுக்கு ஒரு முறை. கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே போனால் 30 மி.கி. அல்லது 20 மி.கி., நாடுகளுக்கிடையே இதில் வேறுபாடு உண்டு.
- கால் நரம்பு, நுரையீரல் ஆகியவற்றின் ரத்தக் கட்டிக்குச் சிகிச்சை: கிலோவுக்கு 1 மி.கி., 12 மணிக்கொரு முறை. தேர்ந்தெடுத்த சிலருக்குக் கிலோவுக்கு 1.5 மி.கி., நாளுக்கு ஒரு முறை.
- கிளியரன்ஸ் 30-க்குக் கீழே: கிலோவுக்கு 1 மி.கி., 24 மணிக்கொரு முறை.

1 மி.கி. இனாக்சபாரின் என்பது 100 யூனிட். சில பெட்டிகளில் மி.கி.யும் சிலவற்றில் யூனிட்டும் முன்னால் இருக்கும். 4,000 யூனிட் என்று அச்சிட்டிருப்பது 40 மி.கி. சிரிஞ்சுதான்.

மாரடைப்பில் கணக்கு வேறு. எஸ்.டி உயர்ந்த மாரடைப்பில் (ஈ.சி.ஜி.யில் எஸ்.டி பகுதி உயர்ந்து தெரிவது) 75 வயதுக்கு உட்பட்டவருக்கு நரம்பு வழி 30 மி.கி. போலஸ் (ஒரே தடவையில் செலுத்தும் தொடக்க டோஸ்) போட்டு, கிலோவுக்கு 1 மி.கி. தொடங்குவார்கள். 75-ஐத் தாண்டியவருக்குப் போலஸ் கிடையாது, கிலோவுக்கு 0.75 மி.கி. மட்டும்.

ஹெப்பாரின் டிரிப்: நரம்பு ரத்தக் கட்டிக்குக் கிலோவுக்கு 80 யூனிட் போலஸ், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட். இதயத் தமனி நோய்க்குக் குறைவு: போலஸ் கிலோவுக்கு 60 யூனிட், உச்சம் 4,000, மணிக்குக் கிலோவுக்கு 12 யூனிட், உச்சம் 1,000. இந்த இரண்டு நெறிமுறைகளையும் ஒன்றுக்கு மற்றொன்றாக எடுத்துவிடுவது சகஜம், அதனால் ஆணைத்தாளில் நோயின் பெயரும் இருக்க வேண்டும். தடுப்பு மட்டும் என்றால் தோலுக்கடியில் 5,000 யூனிட், 8 அல்லது 12 மணிக்கொரு முறை.

டிரிப் கலப்பதும் பம்ப் வைப்பதும்

ஒரு மருத்துவமனைக்கு ஒரே ஒரு செறிவு. இதைவிடப் பயனுள்ள விதி ஹெப்பாரினுக்குக் கிடையாது. பரவலாக இருப்பது 250 மி.லி.யில் 25,000 யூனிட், அதாவது மி.லி.க்கு 100 யூனிட். ஆயத்தப் பையாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வார்டில் கலக்க நேர்ந்தால், 250 மி.லி. நார்மல் சலைன் அல்லது 5% டெக்ஸ்ட்ரோஸ் பையிலிருந்து முதலில் 5 மி.லி. உறிஞ்சி எறியுங்கள். மி.லி.க்கு 5,000 யூனிட் உள்ள வயலிலிருந்து 5 மி.லி. சேர்த்து, பையைக் குறைந்தது ஆறு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். தொங்கும் பையில் மருந்தைச் செலுத்தி அப்படியே ஓடவிட்டால் ஹெப்பாரின் அடியில் தேங்கி, முதல் சில நிமிடங்களில் கொத்தாக உள்ளே போகும். லேபிளில் மொத்த யூனிட், மி.லி.க்கு எத்தனை யூனிட், கலந்த நேரம், கலந்தவர், சரிபார்த்தவர் எல்லாம் எழுதுங்கள்.

60 கிலோ நோயாளிக்கு நரம்புக் கட்டி என்று வையுங்கள். போலஸ் 80 × 60 = 4,800 யூனிட். மி.லி.க்கு 5,000 யூனிட் வயலிலிருந்து என்றால் 0.96 மி.லி.; மி.லி.க்கு 1,000 யூனிட் வயலிலிருந்து என்றால் 4.8 மி.லி. பிந்தையதை எடுப்பது நல்லது, 0.96-ஐ அளக்கும்போது கை சற்று நழுவினாலும் நூற்றுக்கணக்கான யூனிட் மாறும். ஓட்டம் 18 × 60 = மணிக்கு 1,080 யூனிட், மி.லி.க்கு 100 யூனிட் பையில் மணிக்கு 10.8 மி.லி.

இப்போது அதே நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார். அங்கே 50 மி.லி. சிரிஞ்சில் 25,000 யூனிட், மி.லி.க்கு 500. சரியான ஓட்டம் மணிக்கு 2.16 மி.லி. பழைய சீட்டைப் பார்த்து 10.8 என்று பம்பில் தட்டினால் மணிக்கு 5,400 யூனிட் ஓடும். பம்ப் எந்தச் சத்தமும் போடாது, அதற்கு 10.8 என்பது சாதாரண எண். ஓட்டத்தை மி.லி.யில் மட்டும் எழுதாமல், மணிக்கு எத்தனை யூனிட் என்றும் சேர்த்து எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பம்ப் இல்லாமல், கையால் சொட்டு எண்ணி ஹெப்பாரின் ஓட்டக் கூடாது. பம்பிலிருந்து குழாயைக் கழற்றும் முன் ரோலர் கவ்வியை மூடுங்கள். ஹெப்பாரின் ஓடும் வழியில் வேறு மருந்தைச் செலுத்தாதீர்கள். ஜென்டமைசின் போன்ற அமினோகிளைகோசைடுகளும் வேறு பல மருந்துகளும் அதோடு சேர்ந்தால் படிவாகும், அல்லது வீரியம் இழக்கும்.

போலஸ், பம்ப் தொடக்கம், ஓட்ட மாற்றம், பணி மாறும் நேரம் ஆகிய நான்கிலும் இருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பு என்றால் இரண்டாமவர் கணக்கைத் தானே முதலிலிருந்து போடுவது. ‘10.8 தானே?’ என்று கேட்டு ‘ஆமாம்’ வாங்குவது சரிபார்ப்பில் சேராது.

ஏ.பி.டி.டி: எண்ணை நம்புவதற்கு முன்

தொடங்கிய ஆறு மணி நேரத்தில் முதல் ஏ.பி.டி.டி. ஓட்டத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஆறு மணி நேரம் கழித்து அடுத்தது. இரண்டு முறை தொடர்ந்து இலக்கில் நின்றால் நாளுக்கு ஒரு முறை போதும். இலக்கு பொதுவாக இயல்பைப் போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. ஆனால் ஆய்வகம் பயன்படுத்தும் வினைப்பொருளைப் பொறுத்து வினாடிகள் மாறும். ஆன்டி டென்-ஏ (மருந்து பத்தாம் காரணியை எவ்வளவு முடக்குகிறது என்று காட்டும் பரிசோதனை) அளவு மி.லி.க்கு 0.3 முதல் 0.7 யூனிட் வரும்போது தங்கள் ஏ.பி.டி.டி எத்தனை வினாடி என்று ஆய்வகம் சொன்னால், அந்த வினாடிகளையே இலக்காக வையுங்கள்.

எடைக்கேற்ற மாற்ற அட்டவணைகளில் நெடுநாளாகப் புழங்குவது இது:
- இயல்பின் 1.2 மடங்குக்குக் கீழ்: கிலோவுக்கு 80 யூனிட் போலஸ், ஓட்டத்தை மணிக்குக் கிலோவுக்கு 4 யூனிட் கூட்டவும்.
- 1.2 முதல் 1.5: கிலோவுக்கு 40 யூனிட் போலஸ், 2 யூனிட் கூட்டவும்.
- 1.5 முதல் 2.3: மாற்றம் வேண்டாம்.
- 2.3 முதல் 3: 2 யூனிட் குறைக்கவும்.
- 3-க்கு மேல்: ஒரு மணி நேரம் நிறுத்தி, 3 யூனிட் குறைத்துத் தொடங்கவும்.

அட்டவணையைப் பின்பற்றுவது எளிது. கையில் வரும் எண் பொய்யா மெய்யா என்று பார்ப்பதுதான் கடினம். பொய் எண் வரும் வழிகள் பல. ஹெப்பாரின் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தால், அல்லது ஹெப்பாரின் நிரப்பி மூடிய குழாயிலிருந்து எடுத்தால், ஏ.பி.டி.டி எகிறும்; மறு கையில் குத்தி எடுங்கள். சிட்ரேட் (மாதிரி உறையாமல் காப்பது) உள்ள மாதிரிக் குழாயைக் கோடு வரை நிரப்பாவிட்டால் சிட்ரேட் விகிதம் கூடி, அப்போதும் நேரம் நீளும்; ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. மாறாக, மாதிரி மேசையில் கிடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சுழற்றப்படாமல் இருந்தால், பிளேட்லெட்டுகள் உடைந்து கசியும் புரதம் ஹெப்பாரினைச் செயலிழக்கச் செய்து ஏ.பி.டி.டியைக் குறைத்துக் காட்டும்.

இதையெல்லாம்விட அடிக்கடி நடப்பது வேறொன்று. நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்ப பம்பைக் கழற்றுகிறார்கள், திரும்பி வந்து மாட்ட முக்கால் மணி, ஒரு மணி ஆகிறது. அடுத்த ஏ.பி.டி.டி குறைந்து வருகிறது. அட்டவணைப்படி போலஸ் போட்டு ஓட்டத்தையும் கூட்டுகிறார்கள். டோஸ் போதாமல் இல்லை, டிரிப்தான் ஓடவில்லை. குறைந்த எண் வந்தால் முதல் கேள்வி, ‘கடந்த ஆறு மணி நேரமும் இது இடைவிடாமல் ஓடியதா?’ கேனுலா வீங்கியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்பதையும் அதே பார்வையில் பார்த்துவிடலாம்.

நாளுக்கு 35,000 யூனிட்டுக்கு மேல் போயும் ஏ.பி.டி.டி இலக்கை எட்டாவிட்டால் ஓட்டத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். கடும் அழற்சியில் எட்டாம் காரணி ஏறி ஏ.பி.டி.டியைச் சுருக்கிக் காட்டலாம், அல்லது ஆன்டித்ராம்பின் குறைந்திருக்கலாம். இங்கே ஆன்டி டென்-ஏ பார்ப்பதுதான் வழி.

இனாக்சபாரினுக்குப் பெரும்பாலும் அளவீடு தேவையில்லை. மிகை எடை, மிகக் குறைந்த எடை, சிறுநீரகக் குறைபாடு, கர்ப்பம் போன்ற நிலைகளில் ஆன்டி டென்-ஏ கேட்கலாம். மூன்றாம் டோசுக்குப் பின், ஊசி போட்டு நாலு மணி நேரத்தில் எடுத்த மாதிரிதான் பயன்படும். நாளுக்கு இருமுறை போடுபவருக்கு 0.6 முதல் 1.0 யூனிட் வரை இலக்கு. எடுத்த நேரம் எழுதாத ஆன்டி டென்-ஏ குப்பைத் தொட்டிக்குரியது.

தோலுக்கடியில் போடும் முறை

சின்ன வேலைதான். ஆனால் வயிறெல்லாம் நீலம் பாய்ந்து நோயாளி அடுத்த ஊசிக்கு மறுக்கும் நிலை வருவது இங்கே நடக்கும் சிறு அலட்சியங்களால்தான்.

நோயாளியைப் படுக்க வையுங்கள், அல்லது நன்றாகச் சாய்ந்து உட்கார வையுங்கள். இடம், வயிற்றின் முன்-பக்கவாட்டுச் சுவர், தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி. காலையில் இடப்பக்கம் என்றால் மாலையில் வலப்பக்கம். தழும்பு, கன்றிய இடம், வடிகுழாய் போட்ட இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். துடைத்த ஸ்பிரிட் முழுதாகக் காயட்டும்.

முன்னிரப்பிய சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி இருக்கும். முழு டோசும் போடுவதானால் அதை வெளியேற்றாதீர்கள். அது கடைசி மருந்தைத் தள்ளிவிடத்தான் இருக்கிறது, வெளியேற்றினால் மருந்தும் சேர்ந்து போகும். பாதி டோஸ்தான் தேவை என்றால் அளவுக்கோடு உள்ள 60, 80, 100 மி.கி. சிரிஞ்சுகளில் மட்டும் சரிசெய்யுங்கள். ஊசியைக் கீழ்நோக்கிப் பிடித்து வேண்டாத மருந்தைத் தள்ளுங்கள், அப்போது குமிழி உலக்கைப் பக்கமே நிற்கும். 20, 40 மி.கி. சிரிஞ்சில் கோடு இல்லை. கண்ணளவில் பாதி தள்ளுவது வேண்டாம். ஊசிமுனையில் துளி தொங்கினால் தொடாமல் உதறிவிடுங்கள். அந்தத் துளி தோலின் பாதை நெடுகப் பட்டால் கன்றிப் போகும்.

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மடிப்பாகப் பிடியுங்கள். ஊசியின் முழு நீளத்தையும் 90 டிகிரியில் நேராகச் செலுத்துங்கள். பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம், அந்த இழுப்பே நுண்குழாய்களைக் கிழிக்கும். மெதுவாகத் தள்ளுங்கள், பத்து விநாடியில் முடிப்பதைவிட முப்பது விநாடி எடுத்துக்கொண்டால் வலியும் கன்றலும் குறைவு. உலக்கை அடிவரை போய், ஊசி வெளியே வரும் வரை மடிப்பை விடக் கூடாது. எடுத்ததும் பஞ்சால் லேசாக அழுத்துங்கள், தேய்க்கவே கூடாது. ஊசியை நோயாளியிடமிருந்து விலக்கிப் பிடித்து உலக்கையை அழுத்தினால் பாதுகாப்பு உறை வந்து மூடும். மூடி போடாமல் அப்படியே கூர்பொருள் பெட்டிக்குள்.

தசைக்குள் எந்தக் காரணத்துக்கும் போடக் கூடாது. இந்த மருந்து உடம்பில் ஓடும் நாட்களில் மற்ற மருந்துகளையும் தசை வழி போடுவதைத் தவிர்க்கப் பாருங்கள், இடுப்பில் போட்ட ஒரு சாதாரண வலி ஊசி பெரிய ரத்தக்கட்டாக முடியும்.

முதுகு ஊசியும் கடிகாரமும்

எபிடூரல், ஸ்பைனல் என்ற முதுகு வழி மயக்க ஊசிகள், முதுகுநீர் எடுப்பது ஆகிய மூன்றுக்கும் ஒரே பயம்: தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி, அது நசுங்கி, கால் நிரந்தரமாக விழுந்துபோவது. தடுப்பு டோஸ் இனாக்சபாரின் போட்டிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், சிகிச்சை டோஸ் என்றால் 24 மணி நேரம் கழித்தே ஊசி. ஹெப்பாரின் டிரிப்பை நிறுத்தி 4 முதல் 6 மணி நேரம் காத்திருந்து, ஏ.பி.டி.டி இயல்பானதைப் பார்த்த பிறகு.

குத்தும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள், முதுகில் வைத்த கத்தீட்டரை (மெல்லிய குழாய்) எடுக்கும்போதுதான் மறந்துவிடுகிறார்கள். எடுப்பதும் குத்துவதற்குச் சமம். தடுப்பு டோசுக்குப் பின் 12 மணி நேரம் கழித்து எடுத்து, அடுத்த டோசை மேலும் 4 மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். அதன் பிறகு ஒரு நாளாவது, சில மணி நேரத்துக்கு ஒரு முறை, ‘இரண்டு காலையும் தூக்குங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். புது முதுகுவலி, காலில் பலக்குறைவு, மரத்துப்போதல், சிறுநீர் கட்டுதல் எது வந்தாலும் மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். உடனே எம்.ஆர்.ஐ., உடனே அறுவை மருத்துவர். மணிக்கணக்கில் தாமதித்தால் கால் திரும்பாது.

பிளேட்லெட் விழும்போது

தொடங்கிய முதல் இரண்டு நாளில் பிளேட்லெட் சற்று இறங்கித் தானே ஏறுவது உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது 5 முதல் 10-ஆம் நாளுக்குள் எண்ணிக்கை பாதிக்கு மேல் சரிவது. இதை வார்டில் ‘ஹிட்’ என்பார்கள். ஹெப்பாரினும் பிளேட்லெட்டிலிருந்து வரும் நாலாம் காரணியும் சேர்ந்த கூட்டுப்பொருளுக்கு எதிராக உடம்பு எதிர்ப்புரதம் செய்கிறது. அது பிளேட்லெட்டுகளைக் கிளப்பிவிட, ரத்தம் மெலிவதற்குப் பதில் புதுக் கட்டிகள் தோன்றுகின்றன. கடந்த ஒரு மாதத்தில் ஹெப்பாரின் வாங்கியவருக்கு முதல் நாளிலேயே வரலாம். 4,00,000-இலிருந்து 1,80,000-க்கு இறங்குவதும் ஹிட்டாக இருக்கலாம் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். எண் இயல்பு வரம்புக்குள் இருப்பதால் ஆய்வகத் தாளில் சிவப்புக் குறி விழாது. பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதற்காகவே 4-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை எண்ணிப் பார்ப்பது.

சந்தேகம் வலுத்தால் எல்லா வகை ஹெப்பாரினையும் நிறுத்துங்கள்: டிரிப், இனாக்சபாரின், குழாய் கழுவும் ஹெப்பாரின், ஹெப்பாரின் பூசிய கத்தீட்டர், டயாலிசிஸ் எந்திரத்தில் போடுவது எல்லாமே. நிறுத்தினால் மட்டும் போதாது, ஆர்கட்ரோபான், பைவலிருடின், ஃபோண்டாபாரினக்ஸ் போன்ற மாற்று மருந்து உடனே தொடங்க வேண்டும். பிளேட்லெட் 1,50,000-ஐத் தாண்டும் வரை வார்ஃபரின் வேண்டாம். ரத்தப்போக்கு இல்லாதவருக்கு எண்ணை ஏற்றுவதற்காகப் பிளேட்லெட் ஏற்றுவதும் வேண்டாம்.

அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கவிளைவு பொட்டாசியம் ஏறுவது. பொட்டாசியத்தை வெளியேற்றும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனை ஹெப்பாரின் அடக்குகிறது. நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களும், இராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்றவை சாப்பிடுபவர்களும் ஒரு வாரத்துக்கு மேல் ஊசியில் இருந்தால் பொட்டாசியத்தைப் பாருங்கள்.

ரத்தம் வந்தால்

கண்ணுக்குத் தெரியும் ரத்தம் பாதிதான். கறுத்த மலம், திடீர்த் தலைவலி, காரணமில்லாமல் ஏறும் நாடி, விலாப்புறத்திலும் இடுப்பிலும் புதிதாக வரும் வலி, ஹீமோகுளோபின் 2 கிராம் சரிவு ஆகியவையும் ரத்தப்போக்குதான். பம்பை நிறுத்துங்கள், வெளியே தெரிந்தால் அழுத்துங்கள், பெரிய கேனுலா போடுங்கள், ரத்தம் பொருத்திப் பார்க்க அனுப்புங்கள். கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள், அடுத்த முடிவு முழுக்க அதைப் பொறுத்தது.

ஹெப்பாரினின் முறிமருந்து புரோட்டமின். 1 மி.கி. சுமார் 100 யூனிட் ஹெப்பாரினை அடக்கும். டிரிப் என்றால் கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் போனதை மட்டும் எண்ணினால் போதும். மேலே சொன்ன 60 கிலோ நோயாளிக்கு இரண்டு மணி நேரத்தில் 2,160 யூனிட், ஆகவே சுமார் 22 மி.கி. ஒரு தடவைக்கு உச்சம் 50 மி.கி., அதைப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் சரியும், நாடி இறங்கும். மீனுக்கு ஒவ்வாமை உள்ளவர், புரோட்டமின் கலந்த என்.பி.எச். இன்சுலின் போட்டவர், முன்பு புரோட்டமின் வாங்கியவர் ஆகியோருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம்; அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

இனாக்சபாரின் போட்டு 8 மணி நேரத்துக்குள் என்றால் 1 மி.கி.க்கு 1 மி.கி. புரோட்டமின், 8 முதல் 12 மணி என்றால் அரை மி.கி. இங்கே புரோட்டமின் பாதி வேலைதான் செய்யும், பத்தாம் காரணி மேலுள்ள பிடியைச் சுமார் 60 சதவீதம்தான் தளர்த்தும். எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் நோயாளியைப் பாருங்கள். சில மணி நேரம் கழித்து ஹெப்பாரின் விளைவு மறுபடி தலைகாட்டுவதும் உண்டு.

மாற்றிக் கொடுக்கும்போது

டிரிப்பிலிருந்து இனாக்சபாரினுக்கு: டிரிப்பை நிறுத்தி ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி. இனாக்சபாரினிலிருந்து அபிக்சபான், ரிவராக்சபானுக்கு: அடுத்த ஊசி போட வேண்டிய நேரத்தில் ஊசிக்குப் பதில் மாத்திரை, இரண்டும் சேர்ந்து அல்ல. வார்ஃபரின் மட்டும் விதிவிலக்கு. அதை ஊசியோடு சேர்த்துக் குறைந்தது ஐந்து நாள், ஐ.என்.ஆர் (வார்ஃபரின் விளைவைக் காட்டும் உறைதல் அளவு) 2-க்கு மேல் ஒரு நாள் முழுதும் நிற்கும் வரை கொடுக்க வேண்டும். ஐ.என்.ஆர் மூன்றாம் நாளே 2-ஐத் தொட்டாலும் ஊசியை நிறுத்தாதீர்கள். முதலில் குறைவது ஏழாம் காரணி, அதனால் எண் ஏறிவிடுகிறது, கட்டியைத் தடுக்க இரண்டாம் காரணி குறைய வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

வீட்டில் ஊசி போடப் போகிறவருக்கு வார்டிலேயே ஒரு டோசைத் தன் கையால் போட வைத்து, நாம் பார்க்க வேண்டும். சொல்லிக் கொடுத்ததை வைத்தே சரியாகப் போட்டுவிடுவார் என்று நினைக்காதீர்கள். சிரிஞ்சுகளை 25 டிகிரிக்கு மேல் சூடேறாத இடத்தில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. டோஸ் தவறினால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த டோஸ் நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிட வேண்டும், எப்போதும் இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் எடுக்கலாம். வெளியேற்றத் தாளில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: டோஸ் மி.கி.யிலும் மி.லி.யிலும், எந்தத் தேதி வரை, கடைசியாக வார்டில் போட்ட நேரம்.